டார்ச் ஒளி (குமரி மாவட்டம்)

டார்ச் என்பது மின்கலத்தால் எரியும் கைவிளக்கு. டேவிட் மிசெல் 1899-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற குழாய் வடிவ விளக்கு இதன் முன்னோடி. இந்தியாவில் பல தலைமுறைகளுக்கு டார்ச் என்றால் எவரெடிதான். இருட்டில் வழிகாட்டுவது அதன் முதல் பயன். ஒளி எந்தப் பக்கத்திலிருந்து, எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்பதைக் கையாலேயே தீர்மானிக்க முடிவது அதைவிடப் பெரிய பயன். கேமராவோடு ஒட்டிய ஃபிளாஷ் நேர் எதிரே அடித்து, பொருளைத் தட்டையாக்கிவிடும். டார்ச்சுக்கு அந்தக் கட்டு இல்லை. குமரி மாவட்டத்தில் இதற்கு நல்ல சான்றுகள் உண்டு.

கல்லின் மேல் சாய்வொளி

சிதறாலில் மலைக்கோவில் எனப்படும் திருச்சாரணத்துமலையின் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களும் பத்மாவதி யட்சியும் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளனர். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டும் அங்கே உண்டு. எழுத்து வட்டெழுத்து. குலசேகரத்தை அடுத்த திருநந்திக்கரைக் குடைவரைக் கோயிலிலும் வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன.

தேய்ந்த எழுத்தை உச்சிவெயில் மறைத்துவிடும். டார்ச்சைப் பாறையோடு ஒட்டினாற்போல், பத்துப் பதினைந்து பாகைச் சாய்வில் பிடித்தால் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழும்பும். ஆனால் ஒரு பக்கத்து ஒளி போதாது. ஒளி செல்லும் திசையிலேயே ஓடும் கோடு நிழல் தராது. அது காணாமல் போகும். நேர்கோடுகள் மிகுந்த எழுத்தில் எந்தக் கோடு விடுபடும் என்று ஊகித்துவிடலாம். வளைவுகளாலான வட்டெழுத்தில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு துண்டு மறைந்து, ஓர் எழுத்து இன்னொன்றாகத் தெரியக்கூடும். அதனால் மேல், கீழ், இடம், வலம் என நான்கு புறமும் அடித்து, கேமராவை அசைக்காமல் தனித்தனிப் படம் எடுத்து ஒப்பிட வேண்டும். ஈரத்தாளைக் கல்லில் ஒற்றி எடுக்கும் மைப்படிக்கு இது மாற்றல்ல. படியில் ஐயம் வரும் எழுத்தைக் கல்லிலேயே சரிபார்க்க உதவும் துணை.

டாம் மால்ஸ்பெண்டரும் அவரது ஹெச்பி ஆய்வகக் கூட்டாளிகளும் 2001-இல் வெளியிட்ட முறை இதே கருத்தைக் கணினிக்குக் கொண்டுசென்றது. நிலையான கேமரா முன் பல கோணங்களில் ஒளி வீசிப் படங்கள் எடுத்தால், பிறகு திரையில் ஒளியை விரும்பிய பக்கம் திருப்பிப் பார்க்கலாம்.

ரப்பர் தோட்டத்தில்

தமிழ்நாட்டின் ரப்பர் பெரும்பாலும் குமரியில்தான் விளைகிறது. 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமையகம் நாகர்கோவில். பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன்பே உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் பால் குறையும். எனவே பால்வெட்டு இருட்டிலேயே தொடங்குகிறது. கத்தி பட்டையைச் சீவ வேண்டும், ஆனால் உள்ளே இருக்கும் வளர்படலத்தைத் தொடக்கூடாது. இடையில் விட வேண்டிய பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். இதற்கு இரண்டு கையும் வேண்டும். டார்ச் நெற்றிக்கு ஏறியது இதனால்தான்.

இருட்டுத் தோட்டத்தில் முக்காலியில் கேமராவை வைத்து ஷட்டரை நீண்ட நேரம் திறந்துவிட்டால், பால்வெட்டுபவர் தெரியமாட்டார். மரத்துக்கு மரம் அவர் போன வழி ஒளிக்கோடாகவும், நின்று வெட்டிய இடம் அடர்ந்த முடிச்சாகவும் பதியும். ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதியர் 1910-களில் தொழிலாளரின் கையில் சிறு பல்புகளைக் கட்டி எடுத்த படங்கள் இதே வகை. வேலையில் வீணாகும் அசைவைக் கண்டுபிடிப்பது அவர்கள் நோக்கம். அசைவுகளைப் படமெடுத்து ஆராய்ந்த பிரெஞ்சு உடலியலாளர் மாரேயின் உதவியாளர் ஜார்ஜ் டெமனி 1889-இலேயே நடப்பவரின் உடலில் விளக்குகளைப் பொருத்தி நடையைப் பதிவுசெய்திருந்தார்.

ஒளியால் வரைதல்

ஒளியின் தடத்தைக் கலைக்காகப் பதிவுசெய்தவர்களில் மான் ரே (1935) முன்னோடி. 1949-இல் பிரான்சின் வலோரிசில் ஜியோன் மிலியின் கேமரா முன் பிகாசோ சிறு விளக்கால் காற்றில் வரைந்தது உலகப் புகழ்பெற்றது. டார்ச் லென்சை நோக்கினால் கோடு. பொருளை நோக்கினால் அந்தப் பொருள் மட்டும் வண்ணம் பூசியதுபோல் வெளிப்படும். ஐஎஸ்ஓ 100, எஃப் 8, 20 முதல் 30 விநாடி: தொடங்க இவ்வளவு போதும். கறுத்த உடை அணிந்து நகர்ந்துகொண்டே இருப்பவர் படத்தில் விழமாட்டார். சமூக ஊடகங்களில் காணும் சுழல்வட்டப் படங்களைவிட, ஒரு பாறையையோ பனைமரத்தையோ பக்கவாட்டில் பொறுமையாகத் தடவி எடுத்த படமே பார்க்கத் தகுந்தது. திருநந்திக்கரை, சிதறால் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் முக்காலி வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

வீட்டில்

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது மாவட்டத்தின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய இரவுகளில் டார்ச்சைச் சுவரை நோக்கி வைப்பதைவிட, தண்ணீர் நிரம்பிய வெள்ளை பிளாஸ்டிக் கேனுக்கு அடியில் வைப்பது நல்லது. குறுகிய கற்றை பரவி அறை முழுதும் மெல்லிய ஒளியாகும். முகத்தைப் படமெடுக்கும்போது குறுக்கே பிடித்த வெள்ளை வேட்டியும் இதே வேலையைச் செய்யும்.

கடலோர வீடுகளில் உப்புக்காற்று டார்ச்சின் தொடுமுனைகளை அரித்துவிடும். நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவைக்க வேண்டும். ஆல்கலைன் பேட்டரி கசிந்து படியும் வெள்ளைப் பொடியைச் சிறிது எலுமிச்சைச் சாறு தொட்ட துணியால் துடைத்து, ஈரம் போக உலர்த்தினால் டார்ச் பெரும்பாலும் மறுபடி எரியும்.