நிறமும் வாடையும்

திருகோணமலையிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வழியாக வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேல் சென்றால், கொக்கிளாய்க் களப்பை அணுகுமுன் வருவது புல்மோட்டை. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கடற்கரை ஊர். மீன் வந்திறங்கும் ஊரில் பூனைக்குக் குறைவிராது. அத்தகைய ஊரில் ஓர் இல்லத்தரசிக்கு நேரக்கூடிய இக்கட்டு ஒன்றை, நேயர்களே, சற்று எண்ணிப்பாருங்கள். அறையில் விரித்த கம்பளத்தின் மூலையிலே கடுவன் பூனை சிறுநீர் கழித்துவிட்டது. அவள் கழுவினாள், உலர்த்தினாள், வாடை போயிற்று என்றிருந்தாள். மழை மூட்டமான ஒரு நாளில் அதே வீச்சம் மீண்டும் எழுந்தது. அவள் தொழுகைக்கு நிற்கும் இடம் அது. இனி அங்கே தொழலாமா? பூனையைச் சாக்கிலிட்டுத் தொலைவில் விட்டு வந்தாலென்ன என்று வீட்டார் கேட்கத் தொடங்கிவிடுவர்.

இவ்வினா புதியதன்று. நபிகள் நாயகத்தின் தோழர் அபூ கதாதா, தமது உளூவுக்கென வைத்திருந்த பாத்திரத்தைச் சாய்த்துப் பூனைக்கு நீர் பருகக் கொடுத்தார் என்றும், பூனை அசுத்தமானதன்று, உங்களைச் சுற்றி வருவனவற்றுள் ஒன்று என்னும் நபிமொழியை அதற்குக் காரணமாகக் கூறினார் என்றும் ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. ஆயினும் பூனை தூயதெனின் அதன் சிறுநீரும் தூயதாகாது. இலங்கை முஸ்லிம்களுள் மிகப் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் அது நஜீஸ். நீரால் நீக்கப்பட வேண்டியது. 1277 இல் மறைந்த சிரிய நாட்டு அறிஞர் இமாம் நவவி, தமது மின்ஹாஜ் என்னும் நூலிலே இதனை நுணுகி நோக்குகின்றார். கழுவிய பின்னும் அகற்றற்கு அரிதாய் நிறம் மட்டும் எஞ்சினால் குற்றமில்லை; வாடை மட்டும் எஞ்சினாலும் அவ்வாறே. இரண்டும் ஒருங்கே எஞ்சினால் தூய்மையாகவில்லை என்பது, முன்னோர் நூலைச் சுருக்கியபோது அவர் தாமே சேர்த்த குறிப்பு. இன்ன வீட்டில் இன்ன விரிப்பு தூய்மையாயிற்றா என்று தீர்ப்பது ஆலிம்களின் பணி. நான் அதில் நுழையேன். ஆனால், சலவையின் இயல்பை நன்கறிந்த ஒருவர் எழுதிய விதி இது என்றே எனக்குத் தோன்றுகின்றது. நிறமும் வாடையும் வெவ்வேறு பொருள்கள் என்பதையும், ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும் என்பதையும் அவர் கண்டிருந்தார்.

மதீனாப் பள்ளிவாசலில் நாட்டுப்புற அரபி ஒருவர் சிறுநீர் கழித்தபோது, ஒரு வாளி நீரை அதன்மேல் ஊற்றுமாறு நபிகள் பணித்த செய்தி பலரும் அறிந்தது. அங்கே தரை மண்; ஊற்றிய நீர் கீழே இறங்கிவிட்டது. நம் கிழக்கிலங்கையிலோ தரையின்மேல் பன்பாய் விரிந்திருந்தது. பாய் மெல்லியது. கிணற்றடிக்குத் தூக்கிச் சென்று நீர் வார்த்து, வேலியில் வெயில்படப் போட்டால் மாலைக்குள் காய்ந்துவிடும். 1970களில் எண்ணெய் நாடுகளுக்கு வேலை தேடிச் சென்றோர் தொகை பெருகியபின், அங்கிருந்து திரும்பியோரின் மூட்டைகளில் கம்பளமும் வந்தது. கம்பளத்துக்கு மேலே மயிர், நடுவே நெசவு, அடியிலே பசை. வார்த்த நீர் கறையைக் கழுவிச் செல்லாமல் அகலப் பரப்பி ஆழத்தில் இருத்திவிடுகின்றது. நம் வழக்கத்தில் குற்றமில்லை, விரிப்பு மாறிவிட்டது.

ஆழத்தில் இருப்பது எது? பூனையின் சிறுநீர் மிகவும் செறிந்தது. அதிலுள்ள யூரியாவைப் பற்றீரியாக்கள் சிதைக்கும்போது அமோனியா பிறக்கின்றது. இச்சிதைவைச் செய்யும் யூரியேசு என்னும் நொதியத்தையே 1926 இல் சம்னர் என்னும் அமெரிக்கர் பளிங்காக்கிக் காட்டினார். அவர் அதை எடுத்தது நம் வாளவரைக்கு உறவான ஓர் அவரைக் கொட்டையிலிருந்து! அமோனியா நாளடைவில் பறந்துவிடும். எஞ்சுவது வேறொன்று. 1953 இல் பூனைச் சிறுநீரிலிருந்து ஃபெலினின் என்னும் கந்தகம் கொண்ட அமினோ அமிலம் பிரித்தெடுக்கப்பட்டது. கடுவனிடம் அது மிகுதி. அது சிதைந்து விடுவிக்கும் கந்தகச் சேர்வைகளே நாம் அறிந்த அந்த வீச்சம். உலர்ந்த எச்சம் ஈரக்காற்றை உறிஞ்சும்போது மீண்டும் எழுகின்றது. மழை நாளின் மருமம் இதுவே.

பழைய உரோமாபுரியில் துணி வெளுப்போர் புளித்த சிறுநீரையே சலவைக்குக் கொண்டனர். வெஸ்பாசியன் மன்னன் அதற்கு வரியும் விதித்தான். அமோனியா அழுக்கு நீக்கும் என்பது உண்மையே. ஆயினும் அமோனியா கலந்த திரவத்தால் பூனையின் கறையைத் துடைப்பது பேதைமை. தன் வாடையை ஒத்ததொன்று அங்கே இருப்பதால், பூனை அவ்விடத்தையே மீண்டும் நாடக்கூடும். வெளிற்றுந்தூளை அதன்மேல் தூவுவது பேதைமையினும் கொடிது. சிறுநீரின் அமோனியாவோடு அது கூடிக் குளோரமைன் என்னும் நச்சாவியை எழுப்பும். மூடிய அறையில் மூச்சுக்கே தீங்கு.

செய்யத்தக்கது எளியது. ஈரம் காயுமுன் உலர்ந்த துணியை வைத்து அழுத்தி ஒற்ற வேண்டும், தேய்த்தலாகாது. பின்னர்த் தண்ணீரைச் சிறிது சிறிதாக வார்ப்பதும் ஒற்றுவதுமாகப் பலமுறை செய்ய வேண்டும். சுடுநீர் வேண்டா. நீர் கலந்த வினாகிரி அமோனியாவை அடக்கும். பழங்கறையாயின் நொதியம் சேர்ந்த கழுவுநீரே கைகொடுக்கும். 1913 இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்பவர் விலங்கின் கணையநொதியைச் சலவையிற் புகுத்தினார். 1960களில் பற்றீரியாவிலிருந்து பெற்ற நொதியங்கள் அத்தொழிலைப் பரவலாக்கின. அவை ஊறி வேலை செய்ய மணிக்கணக்கில் ஈரம் வேண்டும். தெளித்தவுடன் துடைத்தெடுத்துவிட்டு, மருந்து பொய் என்போரை நான் கண்டிருக்கின்றேன்.

புல்மோட்டைக்கு இக்கதையில் இன்னுமொரு பங்குண்டு. அதன் கரையில் கருமணல் கிடக்கின்றது. இல்மனைற்று மிகுந்த இம்மணலை எடுப்பதற்கெனக் கனிய மணற் கூட்டுத்தாபனம் 1957 இல் அமைந்தது. இங்கிலாந்தின் கோர்ன்வாலிலே இத்தகைய கருமணலை ஆராய்ந்த கிரகர் என்னும் பாதிரியார், 1791 இல் அதனுள் புதியதோர் உலோகம் இருப்பதைக் கண்டார். டைட்டானியம் என்று இன்று வழங்குவது அதுவே. அதன் ஒட்சைட்டு பால்வெள்ளைத் தூள். ஒளி பட்டால் அது நீரையும் பிளக்கும் என்று 1972 இல் ஃபுஜிஷிமா, ஹொண்டா என்னும் ஜப்பானியர் வெளியிட்டனர். பின்னர் அவர்கள் நாட்டிலே சுவர் ஓடுகளில் அதனைப் பூசி, வெளிச்சத்தைக் கொண்டே வாடையைச் சிதைக்கக் கற்றனர். கரையிலுள்ள மணலை அள்ளிக் கம்பளத்தில் தூவினால் ஒன்றும் நேராது. ஆலையிற் பக்குவப்பட்ட தூளுக்கே அவ்வாற்றல். நம் மணலோ பெரும்பாலும் மணலாகவே கப்பலேறிற்று.

அத்தூளும் ஒளியின்றி வேலை செய்யாது. கட்டிலின் கீழ் மூலையில் ஒளி ஏது? ஆகவே நம் இல்லத்தரசி கம்பளத்தைச் சுருட்டி வெளியே கொணர்ந்து, நொதியநீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் அடிப்புறம் மேலாக இருக்குமாறு வேலியிற் போட வேண்டும். பாய்க்கு ஒரு பகல் போதும். கம்பளத்துக்கு மூன்று பகலேனும் வேண்டும். அதுவரை சாக்கை எடுக்க வேண்டா என்று வீட்டாரிடம் அவள் சொல்லட்டும்.