கல்லூரி நூலகங்களில் உசாத்துணைப் பணியும் தகவல் எழுத்தறிவும்

வாசகர் கேட்கும் கேள்விக்கு விடையையோ, விடை இருக்கும் நூலையோ நூலகர் தேடித் தருவது உசாத்துணைப் பணி. அந்தத் தேடலை வாசகரே செய்யவும், கிடைத்ததை எடைபோடவும் பழகுவது தகவல் எழுத்தறிவு. தமிழ்நாட்டில் இரண்டும் ஒரே மேசையில் பிறந்தவை, பிற்பாடுதான் பிரிந்தன.

அமெரிக்காவின் வூஸ்டர் நகர நூலகர் சாமுவேல் கிரீன், நூலகர் வாசகரோடு நேரில் பழகி உதவ வேண்டும் என்று 1876-இல் எழுதிய கட்டுரையை இத்துறையின் தொடக்கமாகக் கொள்வது வழக்கம். இந்தியாவில் அதற்கு உருவம் தந்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் (1892–1972). மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆள் வராத அறையில் உட்காரப் பிடிக்காமல், வகுப்பறைக்கே திரும்பிவிடுகிறேன் என்று கேட்டார். லண்டன் போய்ப் படித்துவிட்டு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. 1925-இல் திரும்பியவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சென்னை நூலகச் சங்கம் 1928-இல் உருவானது. மறு ஆண்டே கோடைப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1931-இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியல் விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. உசாத்துணைப் பணிக்கென்றே 1940-இல் தனி நூல் வந்தது.

இப்பணியை ரங்கநாதன் நான்காகப் பகுத்தார்: புதிதாக வருபவருக்கு நூலகத்தைப் பழக்குதல், பொது வாசகருக்குப் பொதுவான உதவி, உடனே விடை தரும் உசாத்துணை, நாள்கணக்கில் நீளும் உசாத்துணை. முதலாண்டு மாணவருக்குக் கற்றுக்கொடுப்பதும் இதற்குள்ளேயே அடக்கம். ‘தகவல் எழுத்தறிவு’ என்ற பெயரை அமெரிக்கரான பால் ஸுர்கோவ்ஸ்கி சூட்டியது 1974-இல்தான். பெயரில்லாமலே வேலை நடந்துகொண்டிருந்தது என்பது நம்மவர்கள் அதிகம் சொல்லிக்கொள்ளாத பெருமை.

திருவண்ணாமலையில் படிக்கும் வரலாற்று மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ராஜகோபுரம் எத்தனை அடி என்று கேட்டால், 217 அடி, பதினொரு நிலை என்று நின்றபடியே சொல்லி அனுப்பிவிடலாம். வல்லாள மகாராஜா யார் என்று கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட வேண்டியதுதான். சைவ எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில், பிள்ளையில்லாத அரசருக்குச் சிவனே குழந்தையாக வருகிறார். அந்த உறவில்தான் இன்றும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் அவருக்குத் திதி கொடுக்கிறார். இந்த அரசரை ஹொய்சள மன்னர் மூன்றாம் வீர வல்லாளராகவே வரலாற்றாசிரியர்கள் அடையாளம் காண்கிறார்கள். இபன் பதூதாவின் பயணக் குறிப்பிலோ மதுரை சுல்தான் அவரைக் கொன்று, தோலில் வைக்கோல் திணித்து மதுரைக் கோட்டை மதிலில் தொங்கவிட்ட செய்தி இருக்கிறது.

மூன்றையும் மேசைமேல் வைப்பதோடு உசாத்துணைப் பணி முடிந்துவிடும். எது எதற்குச் சான்று என்று காட்டுவது அடுத்த வேலை. ஊர் அந்த அரசரை எப்படி நினைவில் வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் புராணமே முதல் ஆதாரம். ஆட்சி எப்படி நடந்தது என்றால் கல்வெட்டுக்குப் போக வேண்டும். திருவண்ணாமலைக் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் எட்டாம் தொகுதியில் உள்ளன. அதில் மூலபாடம் மட்டும்தான், மொழிபெயர்ப்பு கிடையாது. பி.ஆர். சீனிவாசன் பதிப்பித்து, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1990-இல் வெளியிட்ட பதிப்பில் ஆங்கில மொழிபெயர்ப்பும் உண்டு. இப்படியொரு பதிப்பு இருப்பது தெரியாமல், கைபேசியில் வந்த முதல் பக்கத்தைப் பார்த்து ஆய்வேடு எழுதுவோர்தான் அதிகம்.

பல்கலைக்கழக மானியக் குழு 1957-இல் அமைத்த நூலகக் குழுவுக்கும் ரங்கநாதனே தலைவர். அதன்பின் கட்டடமும் சந்தாவும் பெருகிய அளவுக்கு மேசையில் உட்கார ஆள் பெருகவில்லை. பல கல்லூரிகளில் நூல் கொடுத்து வாங்குவது, பதிவேடு, தணிக்கை எல்லாம் ஒரே நூலகர் தலையில். 1991-இல் தொடங்கிய நூலக வலையமைப்பான இன்ஃப்ளிப்நெட், என்-லிஸ்ட் திட்டத்தின் வழியே 6,000-க்கும் மேற்பட்ட மின்னிதழ்களைக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. பழந்தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. என்-லிஸ்ட் கடவுச்சொல்லை வாங்கி வைத்துக்கொண்டு ஒருமுறைகூட உள்ளே நுழையாத மாணவர்களை எந்த ஊர்க் கல்லூரியிலும் பார்க்கலாம்.

கருத்துத் திருட்டு பெருகியதும் மானியக் குழு 2018-இல் அதற்கு விதிமுறை கொண்டுவந்தது. 2019 இறுதியில் ஆய்வு, வெளியீட்டு நெறி பற்றி 30 மணி நேரப் பாடத்தை முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்குக் கட்டாயமாக்கியது. தரவுத்தளத்தில் தேடுவது, போலி ஆய்விதழை இனம் காண்பது எல்லாம் அதில் அடங்கும். இளங்கலை மாணவருக்கு இதற்கு ஈடாக அகில இந்தியக் கட்டாயப் பாடம் ஏதுமில்லை. கல்லூரியில் சேர்ந்த புதிதில் நூலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார்கள். அக்கறையுள்ள நூலகர் வாய்த்தால் அதற்குமேல் கொஞ்சம் கிடைக்கும்.