ஹார்வர்டு சர்வகலாசாலையின் புறநிலங்கள்: ஒரு சரித்திர ஆராய்ச்சி

ஒரு சர்வகலாசாலையின் வித்யா காரியம் அதன் மண்டபங்களுக்குள்ளேயே நிறைவு பெறுவதாக நாம் பொதுவாக எண்ணினாலும், நூற்றாண்டுக் கணக்கில் வளரும் மரத்தையும் வடநாடுகளிலிருந்து காண இயலாத தென்திசை வானத்தையும் ஆராயும் சாஸ்திரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தழைக்கத் தொடங்கியபோது, மாணவனிடம் கொண்டுவர முடியாத பொருளிடம் மாணவனையே அனுப்பவேண்டிய அவசியம் நேர்ந்தது. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள ஹார்வர்டு சர்வகலாசாலை இவ்வாறு பெற்ற வெளிநிலங்களின் சரித்திரத்தை ஆராய்ந்தால், அவற்றால் விளைந்த பெரும் பயன்கள் அவற்றைப் பெற்ற காலத்தில் எவரும் கருதாதவை என்பதும், நிலத்தையோ பதிவுகளையோ கைவிடாமல் காத்த பொறுமையே அப்பயன்களுக்கு மூலகாரணம் என்பதும் புலப்படும்.

முதலில் வைத்து எண்ணத்தக்கது 1872-இல் ஸ்தாபிக்கப்பட்ட ஆர்னால்டு மரத்தோட்டம். ஜேம்ஸ் ஆர்னால்டு என்னும் வர்த்தகர் விட்டுச்சென்ற நிதியும், பெஞ்சமின் பஸ்ஸி முன்னரே எழுதிவைத்திருந்த பண்ணை நிலமும் அதற்கு ஆதாரமாயின. 1882-இல் அந்நிலம் பாஸ்டன் நகரத்துக்கு உரியதாகி, சர்வகலாசாலைக்கே ஆயிரம் ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. சாலையும் காவலும் நகரத்தின் பொறுப்பு, மரங்களும் ஆராய்ச்சியும் சர்வகலாசாலையின் பொறுப்பு என்று வகுத்த அவ்வொப்பந்தத்தின் தீர்க்கதரிசனம் போற்றத்தக்கது.

அடுத்து, யூரையா பாய்டன் என்பவர் உயரமான இடத்தில் வானாராய்ச்சி நடத்துவதற்கென விட்டுச்சென்ற நிதியால், பெரு நாட்டின் அரெகிப்பாவில் ஒரு நிலையம் எழுந்தது. அங்கே தென்வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகள் கப்பலேறிக் கேம்பிரிட்ஜை அடைந்தன. வெவ்வேறு இரவுகளில் எடுத்த தகடுகளை ஒப்பிட்டு, கரும்புள்ளிகளாகப் பதிந்திருந்த விண்மீன்களின் ஒளிமாற்றத்தைக் கணித்துவந்த ஹென்ரியட்டா லெவிட் அம்மையார், சிறிய மெகல்லன் மேகத்திலுள்ள 25 விண்மீன்களைக் கொண்டு, ஒளி மிகுந்தவற்றுக்கு மாற்றக் காலமும் நீள்கிறது என்ற நியமத்தை 1912-இல் வெளியிட்டார். அண்டத்தின் தூரங்களை அளக்கும் கோல் அவ்வாறு கிடைத்தது. நிலையம் 1927-இல் தென்னாப்பிரிக்காவுக்கு மாறிய பின்னும் தகடுகள் கேம்பிரிட்ஜிலேயே பாதுகாக்கப்பட்டன.

எனினும், இச்சரித்திரத்தின் உட்பொருளை நன்கு விளக்குவது 1907-இல் பீட்டர்ஷாம் என்னும் ஊரில் நிறுவப்பட்ட ஹார்வர்டு வனமே. முந்தைய நூற்றாண்டில் குடியானவர்கள் உழுது பின் கைவிட்ட அந்நிலத்தில் வெண்பைன் மரங்கள் தாமாக முளைத்துக் காடாயின. அவர்கள் எழுப்பிய கல்வேலிகள் இன்றும் மரங்களினூடே ஓடுகின்றன. மரங்களை வெட்டியும் காட்டை அழியாமல் பேணி இலாபம் காணலாம் என்று நிரூபிப்பதே முதல் இயக்குநர் ரிச்சர்ட் ஃபிஷரின் நோக்கம். அவர் 1934-இல் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1938 செப்டம்பர் 21 அன்று வீசிய பெரும்புயல் பைன் தோப்புகளைச் சாய்த்து அந்நோக்கத்தையே குலைத்தது. வீழ்ந்த மரங்கள் பூச்சிக்கும் மட்கலுக்கும் இரையாகாதபடி அவ்வட்டாரத்து ஏரி குளங்களில் மிதக்கவிடப்பட்டன.

ஆனால் வனத்தின் வரைபடங்களும் பதிவுகளும் புயலோடு போய்விடவில்லை. அவை புதிய கேள்விகளுக்கு வித்தாயின. 1990-இல் ஆராய்ச்சியாளர்கள் இரும்பு வடம் கட்டி மரங்களை இழுத்துச் சாய்த்து, புயலின் விளைவைச் செயற்கையாக உண்டாக்கி, வீழ்ந்தவற்றை அகற்றாமல் விட்டபோது, பல மரங்கள் சாய்ந்த நிலையிலேயே ஆண்டுக்கணக்கில் தளிர்த்தன. புயலுக்குப்பின் மரங்களை அவசரமாக அப்புறப்படுத்துவது புயலைக் காட்டிலும் காட்டை மாற்றிவிடக்கூடும் என்ற அபிப்பிராயம் இதனால் வலுப்பெற்றது. 1991 முதல், 10 சென்டிமீட்டர் ஆழத்தில் மின்கம்பிகளைப் புதைத்து மண்ணின் வெப்பத்தை 5 பாகை உயர்த்தி, அதிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவை அளந்துவருகின்றனர். வெட்டுமர இலாபத்துக்காகப் பெற்ற பூமி, உலகம் வெப்பமடைவதன் விளைவை அறியும் களமாயிற்று.

இத்தகைய நிலங்களை நிகழ்காலப் பாடத்திட்டத்தையும் ஆண்டு வருமானத்தையும் கொண்டு மதிப்பிடுவது பிழை என்பதே இச்சரித்திரம் புகட்டும் பாடம். 1949-இல் நியூயார்க் மாநிலத்துப் பிளாக் ராக் வனத்தைப் பெற்ற இதே சர்வகலாசாலை 1989-இல் அதை விற்றுவிட்டது. பல கல்வி ஸ்தாபனங்களின் கூட்டமைப்பு ஏற்று நடத்த முன்வந்ததால்தான் அங்கே ஆராய்ச்சி நிலைத்தது. தலைமுறை கடந்து தொடரும் ஆராய்ச்சிக்குத் தலைமுறை கடந்து நிற்கும் உடைமையுரிமை வேண்டும். ஆதலால் தானமாக வந்த நிலத்தைக் காப்பதைச் சர்வகலாசாலைகள் தம் கல்விக் கடமையாகவே கொள்ளுதல் தகும்.