பழைய பிக்கப்புக்குப் புதிய கால்கள்

1947ஆம் ஆண்டுக் கோடையில் ஷெவர்லே நிறுவனம் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்த அரை டன் பிக்கப், 3100 என்னும் எண்ணால் அறியப்படுவது. அந்நாட்டின் பழைய வண்டி ஆர்வலர்கள் விரும்பிச் சீரமைக்கும் வண்டிகளுள் இன்றும் அதற்குத் தனி இடம் உண்டு. இயந்திரத்தைப் பிரித்துக் கோப்பார்கள். துருவேறிய தகட்டை வெட்டி ஒட்டுவார்கள். அக்காலத்துக் கரும்பச்சையின் சரியான சாயலைத் தேடி மாதக்கணக்கில் அலைவார்கள். இத்தனையும் முடிந்தபின் ஒரு கேள்வி எஞ்சி நிற்கும். எந்தச் சக்கரம்? எந்த டயர்? வண்ணத்தில் பிழை நேர்ந்தால் கண் உறுத்தும். இதில் பிழை நேர்ந்தால் உயிர் போகும்.

அவ்வண்டியின் டயரில் பொறித்திருந்த எண் 6.00-16. டயரின் அகலம் 6 அங்குலம், ரிம்மின் விட்டம் 16 அங்குலம் என்பது பொருள். எளிய கணக்காகத் தோன்றினாலும் இந்த எண் உருவாகக் கால் நூற்றாண்டு பிடித்தது. ஃபோர்டின் மாடல் டி வண்டிக்குப் பின்சக்கர டயரின் அளவு 30x3½. அங்கே 30 என்பது ரிம்மின் அளவன்று, டயரின் வெளிவிட்டம். மரக்கைகள் கொண்ட அச்சக்கரம் நம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு நெருங்கிய உறவு. 1925 ஏப்ரலில் ஃபோர்டு ஆலையே பின்பெட்டியுடன் கட்டி 281 டாலருக்கு விற்ற முதல் பிக்கப்பும் இந்த மாடல் டி வழி வந்ததுதான். காற்று மிகுந்து அகலம் பெற்ற ‘பலூன்’ டயர்கள் அதே காலத்தில் பரவின. அளவிடும் முறையும் மாறிற்று. அதன்பின் ரிம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஃபோர்டு வண்டிகளில் 1928இல் 21 அங்குலம், 1930இல் 19, 1932இல் 18, அடுத்த ஆண்டு 17, 1935இல் 16. சாலைகள் செப்பனிடப்படச் செப்பனிடப்பட, பள்ளம் தாண்ட உயர்ந்த சக்கரம் தேவைப்படவில்லை. ஒரு நாட்டின் சாலை வரலாற்றை அதன் ரிம் அளவுகளிலிருந்தே எழுதிவிடலாம் போலும்.

இடையில் போர் வந்தது. 1942 தொடக்கத்தில் ஜப்பானியப் படைகள் மலாயாவையும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளையும் கைப்பற்ற, அமெரிக்காவுக்கு வந்துகொண்டிருந்த இயற்கை ரப்பர் ஏறக்குறைய முற்றாக நின்றது. அந்நாட்டில் போர்க்காலப் பங்கீட்டுக்குள் முதலில் வந்த பொருள் டயரே. ஒரு காருக்கு ஐந்து டயர்களுக்கு மேல் வைத்திருந்தவர்கள் மிகுதியை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வேகம் நாடெங்கும் மணிக்கு 35 மைலுக்குக் கட்டுப்படுத்தப்பட்டது. பெட்ரோல் பங்கீடு நாடெங்கும் விரிந்ததும் எண்ணெயைவிட ரப்பரைக் காப்பதற்காகவே. மலாயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் தமிழர் மிகப் பலர். டெட்ராய்ட்டில் வண்டிகள் டயரின்றி நின்றபோது அவர்களில் பல்லாயிரம் பேர் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். டயரின் வரலாற்றைப் பேசும் நூல்கள் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைப்பது அரிது.

போருக்குப் பின் வந்த நமது 3100, ஆக, 1935இன் ரிம் அளவோடுதான் பிறந்தது. அதன் டயர் ‘பையஸ் பிளை’ வகை. நூலிழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகச் சாய்ந்து பின்னப்பட்டிருக்கும். நம்மூர் லாரிக்காரர்கள் ‘நைலான் டயர்’ என்று சொல்வது இவ்வகையையே. மிஷலின் 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் விற்பனைக்கு விட்ட ரேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேராக ஓடும். தரையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுப் பட்டை இருக்கும். பக்கச் சுவர் நெகிழ்ந்துகொடுக்க, அடிப்பகுதி தரையில் படிந்து நிற்கும். ஆலைகளின் இயந்திரங்களை எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் அமெரிக்க உற்பத்தியாளர்கள் நெடுங்காலம் இதைத் தள்ளிப்போட்டனர். 1970ஆம் ஆண்டின் லிங்கன் கான்டினென்டல் மார்க் 3தான் ரேடியலைத் தரப் பொருத்தமாகவே பெற்ற முதல் அமெரிக்க வண்டி.

பழமை விரும்பிகளுக்கு ரேடியல் பிடிப்பதில்லை. காற்றுக் குறைந்ததுபோல் பக்கவாட்டில் தொப்பை தள்ளி நிற்கிறது என்பார்கள். உண்மைதான். குறுகி நிமிர்ந்து நிற்கும் 6.00-16தான் அவ்வண்டியின் முகத்துக்கு ஏற்றது. பழைய அச்சுகளைத் தேடிப்பிடித்து அதே டயரை மீண்டும் வார்க்கும் நிறுவனங்கள் உண்டு. டென்னசியில் 1958இல் தொடங்கப்பட்ட கோக்கர் அவற்றுள் பெயர்பெற்றது. பையஸ் தோற்றத்தோடு உள்ளே ரேடியலாக அமைந்த டயர்களும் கிடைக்கின்றன.

ஆனால் 1956இல் அமெரிக்க நெடுஞ்சாலைச் சட்டம் வந்துவிட்டது. 45 மைலில் பண்ணைக்கும் சந்தைக்கும் இடையே ஓடக் கட்டிய வண்டி, இன்று 70 மைலில் பாயும் பெருவழியில் ஏற வேண்டியிருக்கிறது. பையஸ் டயர் சாலையின் தடங்களைப் பற்றிக்கொண்டு வண்டியை இழுக்கும். நைலான் இழை கொண்டதாயின் இரவு நின்ற இடத்தில் தட்டையாகி, காலையில் சில மைல்கள் தடதடக்கும். ஊர்வலத்துக்கும் கண்காட்சிக்கும் மட்டும் செல்லும் வண்டிக்கு அது குறையன்று. நாள்தோறும் ஓட்டுபவருக்கு என்னைக் கேட்டால் ரேடியலையே சொல்வேன்.

அப்படி முடிவெடுத்தால் பழைய ரிம்மைக் கவனிக்க வேண்டும். அக்காலச் சக்கரங்கள் பலவற்றில் நடுத்தட்டு ரிம்மோடு ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டது. ரிவெட் வழியே காற்றுக் கசியும். டியூப் இன்றி ஆகாது. டியூப் இல்லாத டயர் அமெரிக்கக் கார்களில் பரவலானது 1955 வாக்கில்தான். அதற்கு முந்தைய ரிம்களில் டயரின் விளிம்பை இடம்பெயராமல் பிடிக்கும் மேடும் இல்லை. ஆகவே பலர் அதே ஆறு நட்டு, 5½ அங்குல வட்ட அமைப்பில் புதிய 15 அங்குல எஃகுச் சக்கரம் வாங்கி, பழைய தொப்பியை அதன்மேல் பொருத்திக்கொள்கிறார்கள்.

அளவைத் தேர்வதிலும் ஆசைக்கு இடங்கொடுக்கலாகாது. 215/75R15 டயரின் உயரம் கணக்குப்படி 27.7 அங்குலம், பழையதோ சுமார் 28. ஆகவே வேகமானி பொய் சொல்லாது. இந்த வண்டியின் பின்னச்சு விகிதம் 4.11, மணிக்கு 60 மைலில் இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3000 சுற்றுச் சுற்றும். அதன் 90 குதிரைத்திறன் உச்சத்தைத் தொடுவதே 3300இல். இயந்திரத்தின் அலறலைக் குறைக்க உயர்ந்த டயர் போடுகிறார்கள். சுற்று குறையும், மேட்டில் இழுவையும் குறையும், பழைய டிரம் பிரேக்குக்குச் சுமை கூடும்.

இவற்றைவிட அஞ்சத்தக்கது பெரிய டிரக்குகளின் துண்டு ரிம். நெடுஞ்சாலைப் பஞ்சர் கடையில் லாரிச் சக்கரத்தின் ‘லாக் ரிங்’கைச் சம்மட்டியால் தட்டி இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். துருவேறிய வளையம் சரியாக அமராமல் காற்றடித்தால் அது பீரங்கிக் குண்டாகத் தெறிக்கும். இவ்வகை ரிம்களுக்கு அமெரிக்கப் பட்டறைகளில் வழங்கிய பெயர் ‘விதவையாக்கி’. கூண்டுக்குள் வைத்தே காற்றடிக்க வேண்டும் என்ற விதி அங்கே 1980இல்தான் வந்தது. அழகுக்காக அந்த ரிம்மைக் காப்பாற்றத் துடிப்பவர்கள், அதில் காற்றடிக்கப்போகும் பையனையும் ஒரு கணம் நினைக்கலாம்.

ரப்பர் ஓடாமலே மூப்படையும். பட்டன்கள் தேயாத பழைய டயர் மலிவாகக் கிடைத்தாலும் பக்கச் சுவரின் எண்ணைப் படிக்க வேண்டும்; 2000 முதல் அதன் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். நான்கு சக்கரத்துக்கும் ரேடியல் மாட்டிய பலர் பெட்டிக்கடியில் தொங்கும் ஸ்டெப்னியை மட்டும் மறந்துவிடுகிறார்கள். இருவகை டயரையும் கலந்து ஓட்டினால் திருப்பத்தில் முன்னும் பின்னும் வேறுவேறாக நடந்துகொள்ளும். என்றோ ஓர் இரவு பஞ்சராகி, அந்தப் பழைய பையஸ் டயரை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏறும்போதுதான் அது நினைவுக்கு வரும்.