தம்புள்ளை வெள்ளிக்கிழமையும் ஒரு மனுவும்

2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. நான் மாத்தளையில் இருந்தேன். ஏ9 வீதியில் தம்புள்ளை அங்கிருந்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர். காலையிலிருந்தே தொலைபேசி ஓயவில்லை. முதல் நாளிரவு ஹைரிய்யா ஜும்ஆப் பள்ளிவாசலுக்குப் பெற்றோல் குண்டு வீசப்பட்டிருக்கிறது, ஊர்வலம் வருகிறது, ஜும்ஆ நடக்காது போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். நான் வானொலியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். பாட்டும் விளம்பரமும்தான் வந்தன. பக்கத்து ஊரில் அல்லாஹ்வின் இல்லம் ஒன்றின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் கூடி நிற்கும் செய்தியை நான் அறிந்தது, பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றிப்போன ஒரு லொறிச் சாரதியின் வாயிலிருந்துதான்.

நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரங்கிரி தம்புள்ளை விகாரையின் இனாமலுவே சுமங்கல தேரர் தலைமையில் பிக்குகள் உட்பட சுமார் இரண்டாயிரம் பேர் பள்ளிவாசலை நோக்கி வந்தனர். புனித பூமிக்குள் சட்டவிரோதமாகக் கட்டப்பட்டது என்பது அவர்கள் வாதம். அரை நூற்றாண்டாக அங்கே தொழுகை நடக்கிறது என்பது நிர்வாகத்தினரின் பதில். பொலிஸார் பள்ளியிலிருந்தவர்களை வெளியேற்றினர். அன்று அங்கே ஜும்ஆ நடக்கவில்லை. அருகிலிருந்த காளி கோயிலும் அந்தப் பட்டியலில் இருந்தது. இரண்டு நாட்களில் பிரதமர் டி.எம். ஜயரத்ன பள்ளிவாசலை வேறிடத்துக்கு மாற்றப் பணித்ததாகச் செய்தி வந்தது. கிழக்கில் ஹர்த்தால் நடந்தது.

விகாரையைச் சார்ந்து 'ரங்கிரி' என்ற பெயரில் ஒரு வானொலி அப்போது இயங்கிவந்தது. அது அன்று என்ன ஒலிபரப்பியது என்பதற்குள் நான் போகவில்லை. ஒரு பக்கத்துக்கு அலைவரிசை இருந்தது, மறுபக்கத்துக்குப் பள்ளியின் ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவை எமக்கு உண்டு. ஆனால் அது அரச வானொலியின் ஓர் அறை. அதன் சுவர்கள் எதுவரை என்பது எல்லோருக்கும் தெரியும்.

அந்த மாதம் முடிவதற்குள் எமது பகுதியில் ஒரு மனு சுற்றிற்று. இனக்குரோதம் பரப்பும் வானொலிகள், இணையத்தளங்கள் ஆகியவற்றின் அனுமதியை ரத்துச் செய்ய வேண்டும், எல்லா ஊடகங்களுக்கும் கடுமையான பதிவுமுறை வேண்டும் என்று அதில் இருந்தது. நானும் கையெழுத்திட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கையெழுத்திட மறுத்தவர் ஒருவர் இருந்தார். ஈய எழுத்துக் காலத்திலிருந்து அச்சுத் தொழில் செய்த ஒரு நானா. மனுவை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "லைசன் குடுக்கிற கையிலதான் தம்பி கத்தரிக்கோலும் ஈக்குது" என்று சொல்லித் திருப்பித் தந்தார். பழைய ஆட்களுக்கு எதிலும் பயம் என்று அன்று எனக்குப் பட்டது. அவர் சொன்னது பயமல்ல, இந்நாட்டுப் பத்திரிகைச் சட்டத்தின் 170 வருட வரலாறு என்பது விளங்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

பதிவும் அனுமதியும் ஒன்றல்ல என்பதிலிருந்து அந்த வரலாறு தொடங்குகிறது. இந்தியாவில் 1823இல் அடம் கொண்டுவந்த விதி, அரசின் அனுமதியின்றிப் பத்திரிகை நடத்த முடியாது என்றது. ராம்மோகன் ராய் அதை எதிர்த்து மனுச் செய்தார், எடுபடவில்லை. 1835இல் மெட்காஃப் அதை நீக்கி, அச்சிடுபவரும் வெளியிடுபவரும் தம்மை யாரென்று அறிவித்தால் போதும் என்று மாற்றினார். நான்கு வருடத்தில் இலங்கைக்கும் 1839ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைகள் கட்டளைச்சட்டம் வந்தது. அதுவும் அறிவித்தல் வகைதான். பெயரையும் முகவரியையும் எழுதிக்கொடு, அவதூறு எழுதினால் நீதிமன்றத்துக்கு வா. எழுத முன்னர் எவரிடமும் கேட்கத் தேவையில்லை. எமது சஞ்சிகைகளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'அச்சிட்டவர், வெளியிட்டவர்' என்று வரும் அந்த வரி இந்த மரபின் மிச்சம். தபால் திணைக்களத்தில் செய்தித்தாளாகப் பதிவதும் முத்திரைச் செலவு குறைவதற்கான சலுகையே தவிர, பேசுவதற்கான உத்தரவு அல்ல.

இந்தச் சட்டத்தின் நிழலில்தான் 1882 டிசம்பர் 21இல் 'முஸ்லிம் நேசன்' பிறந்தது. கண்டியில் பிறந்த சட்டத்தரணி எம்.சி. சித்திலெப்பை தமிழில் நடத்திய பத்திரிகை. அடுத்த மாதமே எகிப்தின் ஒறாபி பாஷா பிரித்தானியரின் கைதியாக நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் இறங்கினார். அவருடன் உறவாடிய, முஸ்லிம்களின் கல்விக்காக எழுதிய ஒரு பத்திரிகையை அன்று அனுமதிப்பத்திர முறை இருந்திருந்தால் ஓர் அதிகாரி எப்படிப் பார்த்திருப்பார்? இந்தியாவில் லிற்றன் 1878இல் கொண்டுவந்த சுதேச மொழிப் பத்திரிகைச் சட்டம் சுதேச மொழி ஏடுகளை மட்டும் குறிவைத்தது என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அந்தச் சட்டத்துக்குத் தப்ப, கல்கத்தாவின் 'அம்ரித பஸார் பத்திரிகா' ஒரே இரவில் ஆங்கில ஏடாக மாறியது. சித்திலெப்பைக்கு அந்த வித்தை தேவைப்படவில்லை.

வெறுப்பெழுத்தை மூடினால் தீருமா என்ற கேள்விக்கு எமது நாட்டிலேயே பழைய பரிசோதனை ஒன்று உண்டு. 1915 மே மாதம் கண்டியில் தொடங்கிய சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்கு முன்னர், முஸ்லிம் வர்த்தகர்களுக்கு எதிராக எழுதிவந்தவர்களில் அநகாரிக தர்மபால முக்கியமானவர். கலவரத்தோடு இராணுவச் சட்டம் வந்தது. அவருடைய 'சிங்கள பௌத்தயா' நிறுத்தப்பட்டது. முஸ்லிம்களுக்கு அதனால் பாதுகாப்புக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. குடியேற்ற அரசின் கொடுமைக்கு ஆளானவர்கள் என்ற பெருமை அந்த எழுத்துக்குக் கிடைத்தது. கடைகளை இழந்தவர்களின் கதை வரலாற்றுப் புத்தகங்களில் இரண்டாமிடத்துக்குப் போனது. தம்புள்ளையில் கேட்ட பல வசனங்கள் அந்த ஏட்டின் பேரப்பிள்ளைகள்.

சுதந்திரத்தின் பின் வந்தவர்கள் வெள்ளையர் செய்யாததையும் செய்ய விரும்பினார்கள். 1964 டிசம்பர் 3இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒரே வாக்கினால் தோற்றது. லேக்ஹவுஸைக் கைப்பற்றும் முயற்சியே அதற்கு வழிவகுத்தது. கட்சி மாறியவர்களுக்குத் தலைமை தாங்கிய சி.பி. டி சில்வா எமக்குத் தூரத்து ஆளல்ல. தம்புள்ளையிலிருந்து ஹபறணை வழியாகப் போனால் வரும் மின்னேரியாவின் அரசியல்வாதி. ஒரு பத்திரிகைச் சட்டத்துக்காக ஆட்சி கவிழ்ந்த நாடு இது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து 1973இல் அதே அம்மையார் இரண்டையும் செய்து முடித்தார். லேக்ஹவுஸ் அரசின் கைக்குப் போனது. 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைப் பேரவைச் சட்டமும் வந்தது. 1839க்கும் ஐந்தாம் இலக்கம், இதற்கும் ஐந்தாம் இலக்கம். பொருத்தம் அத்தோடு சரி. பத்திரிகை உரிமையாளர் ஆண்டுதோறும் பேரவையில் பதிய வேண்டும், அமைச்சரவை நடவடிக்கைகளை அனுமதியின்றி வெளியிட்டால் குற்றம், சிறையும் உண்டு என்று இது சொன்னது.

ஒலிபரப்பு இன்னும் மோசம். பத்திரிகைக்காவது அறிவித்தல் மரபு இருந்தது. வானொலிக்கு 1966ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டத்தின் 44ஆம் பிரிவு. தனியார் நிலையத்துக்கு அனுமதிப்பத்திரம் தருபவர் அமைச்சர். யாருக்குக் கொடுக்கிறார், யாருக்கு மறுக்கிறார், ஏன் என்று ஊர் மக்கள் கேட்க மேடையில்லை. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் வந்தபோது உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்றது. அலைவரிசை பொதுச் சொத்து, அதைப் பங்கிடும் சபை அரசிலிருந்து சுதந்திரமாக இருக்க வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். எத்தனை அழகான தீர்ப்பு! சட்டமூலம் போனது. சுதந்திரமான சபை வரவில்லை. அமைச்சரின் பேனா இருந்த இடத்திலேயே இருந்தது. தம்புள்ளையில் ஒரு பக்கத்துக்கு மட்டும் வானொலி இருந்ததன் வேர் இங்கே இருக்கிறது.

சமாதான காலத்தில் சற்று மூச்சு விட்டோம். 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது, 2003இல் ஊடகத்தாரே அமைத்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு வந்தது. யுத்தம் 2009 மே மாதம் முடிந்தது. துப்பாக்கி ஓய்ந்தால் பேனாவுக்கு இடம் வரும் என்று எதிர்பார்த்தோம். அடுத்த மாதமே, ஜூனில், தூங்கிக் கிடந்த பத்திரிகைப் பேரவையை அரசாங்கம் எழுப்பியது. லசந்த விக்கிரமதுங்க கொல்லப்பட்டு அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஆகஸ்டில் ஜே.எஸ். திஸ்ஸநாயகத்துக்கு எழுதியதற்காக இருபது வருடச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறு வருடம் பொதுமன்னிப்பில் விடுபட்டார். 2011 நவம்பரில் செய்தி இணையத்தளங்கள் எல்லாம் ஊடக அமைச்சில் பதிய வேண்டுமென்ற உத்தரவு வந்தது. சில தளங்கள் தடுக்கப்பட்டன. எதிர்த்துப் போடப்பட்ட மனுவை உயர் நீதிமன்றம் 2012 மே மாதம் ஏற்க மறுத்தது. ஜூலையில் பதிவுக்கு ஒரு லட்சம் ரூபாவும் ஆண்டுப் புதுப்பிப்புக்கு ஐம்பதாயிரமும் என்று கட்டணம் தீர்மானித்தார்கள்.

இந்தத் திகதிகளுக்கு நடுவில் தம்புள்ளையை வைத்துப் பாருங்கள். பதிவு உத்தரவுக்கும் கட்டணத்துக்கும் இடைப்பட்ட ஏப்ரலில் எமது பள்ளிவாசலின் முன்னால் நடந்ததை உலகம் கண்டது இணையத்தில் பரவிய காணொளிகளால். அவற்றைப் பரப்பியவர்களில் எத்தனை பேரால் ஒரு லட்சம் கட்டியிருக்க முடியும்? இவ்விதிகளை இறுக்கச் சொல்லித்தான் நாங்கள் அதே வாரங்களில் மனு எழுதினோம். யாரைப் பேசவிடாமல் செய்யக் கேட்டோம் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

வெறுப்புப் பேச்சுக்கு எதிரான கோபம் பொய்யானதல்ல. ருவண்டாவில் 1993இல் ஒலிபரப்பைத் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி மறு வருடம் இனப்படுகொலைக்கு எப்படித் துணைபோனது என்பதை ஐ.நா. தீர்ப்பாயம் 2003இல் விரிவாகப் பதிவு செய்தது. தம்புள்ளைக்குப் பின் எங்களில் பலர் அந்த உதாரணத்தைச் சொன்னோம். மறுபாதியைச் சொல்லவில்லை. அந்த வானொலி அரசுக்குத் தெரியாமல் ஒளித்து நடத்தியதல்ல. அரசுடன் ஒப்பந்தம் செய்து, ஆட்சியில் இருந்தவர்களின் ஆசியோடு நடந்தது. படுகொலைக்குப் பிறகு அதே நினைவைக் காட்டிக் கட்டிய ஊடக ஒழுங்குமுறை யாரைப் பிடித்தது? 2010இல் தேர்தலுக்குச் சில மாதங்களுக்கு முன்னர் 'உமுசேசோ', 'உமுவுகிசி' என்ற இரு விமர்சன ஏடுகளை ஊடக உயர் பேரவை ஆறு மாதம் நிறுத்திவைத்தது.

இங்கும் அப்படித்தான் ஆயிற்று. 2014 ஜூனில் அளுத்கம எரிந்தபோது பெரிய ஊடகங்களில் பெரும்பாலானவை வாய் திறக்கவில்லை, கைத்தொலைபேசிகள் பேசின. 2018 மார்ச்சில் திகன எரிந்தபோது அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் ஏறத்தாழ ஒரு வாரம் தடுத்தது. வெறுப்பும் நின்றது, உதவி கேட்ட குரலும் நின்றது. இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தண்டிக்கும் பிரிவு 2007ஆம் ஆண்டின் ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில் இருக்கிறதே, ஏன் பாவிக்கவில்லை என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருந்தோம். பாவித்தார்கள். 2019 மே மாதம் ஹஸலகவில் கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பு அணிந்த ஒரு முஸ்லிம் பெண் மீது பாவித்தார்கள், தர்மச்சக்கரமாம். 2020 ஏப்ரலில், பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் நடத்த வேண்டும் என்ற பொருளில் முகநூலில் எழுதிய றம்ஸி றாஸிக் மீது பாவித்தார்கள். ஐந்து மாதம் உள்ளே இருந்தார். உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அவருக்குப் பத்து லட்சம் ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

அஹ்னாப் ஜஸீமின் கதை எமது இலக்கிய வட்டத்துக்குள்ளேயே நடந்தது. 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச்சட்டத்தில் பிடிபட்டார். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகள் உள்ள நூலில் தீவிரவாதம் கண்டார்கள். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை. இடையில் போனது ஒரு இளம் ஆசிரியரின் மூன்றரை வருடம். அந்நாட்களில் நாம் எவ்வளவு எழுதினோம்? நான் எழுதியது கொஞ்சம். பெயரைத் தவிர்த்து எழுதினேன்.

அச்சக நானாவிடம் இதையெல்லாம் சொல்ல வாய்க்கவில்லை. திகனக் கலவரத்துக்கு முன்னரே மௌத்தாகிவிட்டார்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24இல் 108க்கு 62 என்று நிறைவேறியது. அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், அந்தப் பழைய மனுவை எழுதிய நண்பர் எனக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். இது வந்தால் எங்களைப் பற்றி அசிங்கமாக எழுதுகிறவர்களை அடக்கலாம்தானே, ஆதரித்து ஓர் அறிக்கை விடுவோமா என்று கேட்டிருந்தார். நான் றம்ஸி றாஸிக், அஹ்னாப் ஜஸீம் என்ற இரண்டு பெயர்களை மட்டும் எழுதி அனுப்பினேன். அன்று பதில் வரவில்லை. மறுநாள் சுபஹுக்குப் பிறகு ஒரு வரி வந்தது. 'நவரசம்' எங்கே வாங்கலாம் என்று கேட்டிருந்தார்.