ஒரு சொல் சட்டத்துக்குள் நுழைந்த நாள்

அமெரிக்காவின் 1964 சிவில் உரிமைச் சட்டத்தில் ‘பாலினம்’ என்ற சொல் எப்படி நுழைந்தது என்று கேட்டால், ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள். கறுப்பின மக்களின் உரிமைகளை எதிர்த்த வர்ஜீனியா உறுப்பினர் ஹோவர்ட் ஸ்மித், மசோதாவைக் கவிழ்ப்பதற்காக அந்தச் சொல்லைச் சேர்த்தார். அது தவறிப்போய் நிறைவேறிவிட்டது என்பதே அந்தக் கதை. பெண்களுக்கு வேலையில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டமே ஒரு நகைச்சுவையின் விளைவு என்றால், அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை அல்லவா? சட்டத்தை அமல்படுத்த வேண்டிய ஆணையத்தின் நிர்வாக இயக்குநர் ஒருவரே அந்தப் பிரிவை முறை தவறிப் பிறந்த குழந்தை என்ற பொருளில் கேலி செய்தார். 1986இல், பணியிடப் பாலியல் தொந்தரவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றமும், அந்தச் சொல் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டதால் சட்டமியற்றிய வரலாறு அதிகம் இல்லை என்று குறிப்பிட்டது.

உண்மையில் இல்லையா? தேடிப் பார்க்கலாம். அதற்கு இன்று வாஷிங்டனுக்குப் போக வேண்டியதில்லை.

கூட்டாட்சிச் சட்டம் ஒன்றின் வரலாற்றைத் தேடும்போது முதலில் இரண்டு எண்கள் வேண்டும்: சட்டத்தின் எண், மசோதாவின் எண். இந்தச் சட்டம் பொதுச் சட்டம் 88-352. அதாவது 88ஆவது காங்கிரஸின் 352ஆவது சட்டம். மசோதா, பிரதிநிதிகள் சபையின் 7152. அண்மைக்கால மசோதாக்கள் என்றால் காங்கிரஸ் நூலகம் நடத்தும் ‘காங்கிரஸ் டாட் கவ்’ தளமே பெரும்பாலும் போதும். பழைய விவாதங்களுக்கு அரசு வெளியீட்டு அலுவலகத்தின் ‘கவ்இன்ஃபோ’ தளத்துக்குப் போக வேண்டும். சபை நடவடிக்கைகளின் பதிவேடான ‘காங்கிரஷனல் ரெக்கார்டு’ 1873 முதல் அங்கே இலவசமாகக் கிடைக்கிறது. அதற்கும் முந்தைய விவாதங்கள் காங்கிரஸ் நூலகத்தின் ‘சட்டமியற்றலின் நூற்றாண்டு’ தொகுப்பில் உள்ளன. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அன்றாடப் பதிப்பின் பக்க எண்ணும் கட்டடம் செய்த பதிப்பின் பக்க எண்ணும் வேறுவேறு. மேற்கோள் தரும்போது எந்தப் பதிப்பு என்று சொல்லாவிட்டால் அடுத்தவர் தேடித் தேடிக் களைத்துப்போவார்.

வழக்கமாக ஆய்வாளர்கள் முதலில் குழு அறிக்கையைத் தேடுவார்கள். இந்த மசோதாவுக்கு அங்கே ஏமாற்றமே மிஞ்சும். 1963 நவம்பரில் வந்த நீதித்துறைக் குழுவின் அறிக்கை, அந்தச் சொல் சேர்க்கப்படும் முன்பே எழுதப்பட்டது. செனட்டில் மசோதா குழுவுக்கே அனுப்பப்படவில்லை. நீதிமன்றம் சொன்ன ‘வரலாறு இல்லை’ என்பதன் அடிப்படை இதுதான். ஆனால் அறிக்கை இல்லை என்பதற்காகப் பேச்சே இல்லை என்றாகிவிடாது.

பதிவேட்டின் 110ஆவது தொகுதியில், 1964 பிப்ரவரி 8, சனிக்கிழமை நடவடிக்கைகளில், 2577ஆம் பக்கத்திலிருந்து வாசியுங்கள். ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இருப்பதால் பலருக்குக் கணவன் கிடைப்பதில்லை, அரசு ஏதாவது செய்யக்கூடாதா என்று ஒரு பெண் எழுதிய கடிதத்தை ஸ்மித் வாசிக்கிறார். சபை சிரிக்கிறது. பிறகு மிச்சிகனின் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுகிறார். பெண்கள் இரண்டாந்தரமானவர்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம், இந்தச் சிரிப்பே போதும் என்ற பொருளில் தொடங்குகிறார். காதரின் செயின்ட் ஜார்ஜ், பிரான்சிஸ் போல்டன், காதரின் மே, எட்னா கெல்லி ஆகியோர் ஆதரித்துப் பேசுகிறார்கள். 168க்கு 133 என்ற கணக்கில் திருத்தம் நிறைவேறுகிறது.

நமக்குச் சங்கடமானவையும் அதே பக்கங்களில் இருக்கின்றன. திருத்தம் இல்லையென்றால் கறுப்பினப் பெண்ணுக்குப் பாதுகாப்பு இருக்கும், வெள்ளையினப் பெண்ணுக்கு இருக்காது என்பதே கிரிஃபித்ஸின் முக்கிய வாதம். பெண்களின் சம ஊதியத்துக்காகப் போராடிய எடித் கிரீன், இனப்பாகுபாட்டுக்கு எதிரான மசோதாவுக்கு ஆபத்து வரும் என்று திருத்தத்தை எதிர்த்தார். நாயகிகளை மட்டும் தேடிப் போகிறவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

பதிவேட்டில் இல்லாதவையும் உண்டு. அன்றைய வாக்கெடுப்பில் உறுப்பினர்கள் வரிசையாக நடந்துபோக, தலைகள்தாம் எண்ணப்பட்டன. யார் எப்பக்கம் நடந்தார் என்பது பதிவாகவில்லை. உறுப்பினர்கள் தம் பேச்சைத் திருத்தி அச்சுக்குத் தரலாம் என்பதால், அச்சில் உள்ளதெல்லாம் சபையில் ஒலித்தது என்றும் நம்ப முடியாது. தேசிய மகளிர் கட்சியினர் இந்தத் திருத்தத்துக்காக முன்பே செய்துவந்த முயற்சியையும் இந்தப் பக்கங்கள் சொல்லாது. கறுப்பின வழக்கறிஞர் பாலி மர்ரி, செனட்டில் அந்தச் சொல் நீக்கப்படாமல் இருக்க ஒரு குறிப்பாணை எழுதிச் சுற்றுக்கு விட்டார். பாலினம் நீங்கினால் கறுப்பினப் பெண்ணுக்குப் பாதிப் பாதுகாப்புதான் மிஞ்சும் என்பது அவர் வாதம். சபைக்குள் யாரும் சரியாகச் சொல்லாததைச் சொன்னவர் சபைக்கு வெளியே இருந்தார். அவருடைய தாள்கள் ஹார்வர்டின் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன.

2020 ஜூன் 15 அன்று, தன்பாலீர்ப்பாளர்களையும் திருநர்களையும் அந்த அடையாளத்துக்காக வேலையைவிட்டு நீக்குவது அதே சொல்லின்படி சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லை நகைச்சுவை என்று ஒதுக்குவதால் யார் வேலை போகிறது, யார் வழக்கு தோற்கிறது என்பது இதிலிருந்து விளங்கும். அந்தக் கதையை அடுத்த முறை யாராவது சொன்னால், வாதாட வேண்டாம். தொகுதி எண்ணையும் பக்க எண்ணையும் சொல்லுங்கள்.