திராட்சை நாட்டிற்கு ஒரு மிதிவண்டிப் பயணம்

சென்ற ஆண்டு விழா முடிந்த மறுவாரம் நம் சங்கத்து இளைஞர் சிலர் எம் இல்லத்திற்கு வந்து, பிரெஞ்சு நாட்டு ஷாம்பேன் வட்டாரத்தின் படங்கள் சிலவற்றைக் காட்டினர். அங்கே வழிகாட்டி எவருமின்றி, நிலப்படம் ஒன்றை மட்டும் துணைக்கொண்டு, குடும்பம் குடும்பமாக மிதிவண்டியேறித் திராட்சைத் தோட்டங்களினூடே ஊர் ஊராகச் செல்கின்றனராம். "நாமும் இவ்வாறு ஒரு பயணம் போகலாகாதா?" என்பது அவர்தம் வினா. இரயில்வே எழுத்தரின் ஊதியத்தில் பிரான்சு எட்டாது. ஆயின், திராட்சை நாடு ஒன்று நமக்கு அண்மையிலேயே உண்டு. இடுக்கி மலைகளின் கீழ்ப்புறத்தே, தேனி மாவட்டத்தில் அமைந்த கம்பம் பள்ளத்தாக்கே அது. அதற்குத் திட்டம் வகுக்கப் புகுந்தபோது யாம் கண்ட வரலாற்றுச் செய்திகளையே ஈண்டு எழுதுகின்றோம்.

மது என்ற சொல்லைக் கண்டதும் சங்கத்துப் பெரியோர் முகம் சுளித்தல் வேண்டா. ஷாம்பேன் என்பது நுரைத்துப் பொங்கும் ஒருவகைத் திராட்சை மது. அதனைக் கண்டுபிடித்தவர் ஒவில்லேர் மடத்துத் துறவியாகிய டோம் பெரிஞோன் என்பது உலகெங்கும் வழங்கும் கதை. 1668 முதல் 1715இல் இறக்கும் வரை அவர் அம்மடத்துப் பண்டகசாலையை மேற்பார்த்தவர் என்பது மெய்யே. ஆனால், குப்பிகளை வெடிக்கச் செய்த அந்நுரையை அவர் ஒரு குற்றமாகவே கருதினர் என்பர் வரலாற்று அறிஞர். அவர் பொறுப்பேற்பதற்கு ஆறாண்டு முன்னரே, 1662இல், கிறிஸ்டோபர் மெரெட் என்னும் ஆங்கிலேயர், சர்க்கரை சேர்த்து மதுவை நுரைக்கச் செய்யும் வழக்கத்தைப் பற்றி இலண்டனில் கட்டுரை படித்துவிட்டார்.

கம்பத்திலும் இதனையொத்த பாதிரியார் கதையொன்று உண்டு. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையை, 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொணர்ந்தார் என்று யாவரும் எழுதி வருகின்றனர். பன்னீர்த் திராட்சை என்பது மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இனம். அவ்வினமோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்திலே இரண்டு திராட்சை வகைகளைக் கலந்து உண்டாக்கப்பெற்றது என்பது பயிர்நூலார் கூற்று. அங்ஙனமாயின் 1832இல் வந்த கொடி வேறொன்றாக இருத்தல் வேண்டும். அன்றேல் ஆண்டினைத் திருத்துதல் வேண்டும். பாதிரியாரை மறுப்பது எம் நோக்கமன்று. கணக்குப் புத்தகத்தில் இரு பத்திகள் ஒவ்வாவிடில் எழுத்தருக்கு உறக்கம் வாராது, அவ்வளவே.

மற்றொரு வியப்பும் உண்டு. இத்தாலியில் ஆஸ்தி என்று ஓர் ஊர். (பெயரே நமக்கு இனிக்கின்றதன்றோ?) அவ்வூரின் பெயர்பெற்ற நுரைமது வெள்ளை மஸ்கட் திராட்சையினின்று வடிப்பது. நம் பன்னீர்த் திராட்சையின் பெற்றோருள் ஒன்று அலெக்சாந்திரியா மஸ்கட். அதனைப் பெற்றது அவ்வெள்ளை மஸ்கட். எனவே ஆஸ்தியிற் பொங்கும் மதுவிற்கு உரிய கொடியின் பேரக்கொடியே, சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் பந்தல்மேற் படர்ந்து நிற்கின்றது. இங்கே பெரும்பகுதி பழமாகவே சந்தைக்குப் போகின்றது. ஐரோப்பாவில் ஆண்டிற்கொரு முறையே அறுவடை. இங்கோ தோட்டத்திற்குத் தோட்டம் வெவ்வேறு காலத்திற் கவாத்துச் செய்வதால் ஆண்டு முழுதும் எங்கேனும் ஒரு பந்தலிற் பழம் தொங்கும்.

இப்பள்ளத்தாக்கின் செழுமைக்கு அடிப்படை, மலைக்கு அப்புறத்து நீர். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்திற்குப் பின், மேற்கே ஓடிக் கடலிற் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் பழைய எண்ணம் வலுப்பெற்றது. 1886 அக்டோபர் 29ஆம் நாள் திருவிதாங்கூர் அரசும் ஆங்கில அரசும் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை செய்துகொண்டன. 8,000 ஏக்கர் நிலம். ஏக்கருக்கு ஆண்டிற்கு ஐந்து ரூபாய். கர்னல் பென்னிகுயிக் 1887இல் தொடங்கிய அணைவேலை, வெள்ளத்தாலும் காட்டுக் காய்ச்சலாலும் பலர் உயிரைக் கொண்டு, 1895இல் முடிவெய்தியது. மலையைக் குடைந்த சுரங்கம் ஒரு மைலுக்கு மேல் நீளம். அவர் தம் சொத்தை விற்று அணையை முடித்தார் என்னும் கதைக்குத் தக்க சான்று காணாமையால் அதனை யாம் எழுதினோமில்லை. எழுதாவிடினும் அவர் பெருமை குன்றாது. ஆற்றுநீர் நெல்லுக்குப் பாய்கின்றது. கொடிகளுக்குப் பெரும்பாலும் கிணற்றுநீர். ஆற்றில் நீர் ஓடினாலன்றோ கிணறு ஊறும்!

இனி, உள்ளதை மறையாது சொல்லிவிடுகின்றோம். இப்பயணத்தைக் குமுளியிலிருந்து தொடங்க வேண்டும் என்று யாம் கூறியபோது, செயற்குழுவில் சிலர் தயங்கினர். 2011 டிசம்பரில் அணையின் பொருட்டு எல்லையில் எழுந்த கொந்தளிப்பை அவர்கள் மறந்தாரில்லை. யாமும் மறந்தோமில்லை. வண்டிப்பெரியாற்றில் உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்திற்குச் சென்ற எம் குடும்பம், கம்பத்திற்குப் பேருந்தின்றிக் குமுளியில் நின்றுவிட்டது. இருட்டும் வேளையில், முன்பின் அறியாத மலையாளக் கடைக்காரர் ஒருவர் எம்மைத் தம் வீட்டிற்கு அழைத்துச் சென்று கஞ்சியும் பயறும் இட்டு, மறுநாள் விடியலிற் கோட்டயம் பேருந்தில் ஏற்றிவிட்டார். அதன்பின் அவ்வழியே யாம் சென்றதில்லை. சென்ற ஆண்டு எம் மகளை, பள்ளியில் உடன்பயிலும் பிள்ளை, "அணை உங்களுடையதா, எங்களுடையதா?" என்று கேட்டதாம். வீட்டிற்கு வந்து எம்மைக் கேட்டாள். அணை நிற்பது கேரளத்து இடுக்கி மாவட்டத்தில்; அதனைப் பராமரித்து இயக்குவது தமிழ்நாட்டு நீர்வளத் துறை; நீர்மட்டம் 142 அடி வரை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்வளவும் சொன்னோம். "அப்படியென்றால் நாம் எந்தப் பக்கம்?" என்றாள். ஒலவக்கோட்டில் பிறந்து, கேரளத்து நீர் குடித்து வளர்ந்த பிள்ளைக்கு இதற்கு விடை சொல்ல எமக்குத் தெரியவில்லை. நீர் போகும் வழியையேனும் காட்டலாம் என்று எண்ணினோம்.

ஆகவேதான் திராட்சையை முதலிற் காட்டாது, நீரை முதலிற் காட்டும்படி வழியை வகுத்தோம். பாலக்காட்டிலிருந்து பழநி வழியாக மதுரைக்கும், அங்கிருந்து தேனிக்கும் இரயில். இவ்விடத்தில் இரயில்வேக்காரர் சும்மா இருத்தல் இயலாது: மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்கேஜ் பாதை 1928இல் திறக்கப்பெற்று, உலகப்போரின்போது தண்டவாளம் பெயர்க்கப்பெற்று, விடுதலைக்குப் பின் மீண்டும் இடப்பெற்றது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் அகலப்பாதைக்காக மூடியவர்கள், 2022இல்தான் தேனிக்கும், 2023இல்தான் போடிக்கும் வண்டி விட்டனர். மிதிவண்டிகளைப் பார்சல் வண்டியில் ஏற்றும் பொறுப்பு எம்முடையது. தேனியிலிருந்து சிறு லாரி ஒன்றில் மிதிவண்டிகளும், பேருந்தில் நாமும் குமுளி சேர்வோம்.

முதல் நாள் தேக்கடி ஏரியைக் கண்டு, குமுளி மலைச்சாலையில் இறங்குதல். மின்நிலையத்திற்கு நீரைக் கொண்டு செல்லும் பெருங்குழாய்கள் மலைச்சரிவில் இறங்குவதைச் சாலையிலிருந்தே காணலாம். லோயர் கேம்ப்பில் 2013இல் திறக்கப்பெற்ற பென்னிகுயிக் மணிமண்டபம். பின் கூடலூர், கம்பம். தொலைவு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மிகும். இரண்டாம் நாள் சுருளிப்பட்டித் தோட்டங்களும் சுருளி அருவியும். தோட்டக்காரரிடம் கேளாமல் பந்தலுக்குட் புகலாகாது. மூன்றாம் நாள் உத்தமபாளையம், கோம்பை, தேவாரம் வழியாகப் போடி, நாற்பது கிலோமீட்டரளவு. அங்கிருந்து இரயிலில் திரும்புதல்.

ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று மிதிவண்டியைத் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. எனவே பொங்கல் கழிந்த இரண்டாம் வாரமே ஏற்றது. சங்கப் பதாகையைக் கட்டிச் செல்ல வேண்டும் என்றனர் சிலர்; வேண்டா என்று முடிவாயிற்று. குமுளியில் அக்கடையை யாம் தேடிப் பார்ப்போம். மலைச்சாலையில் வளைவுகள் பல. வருவோர் யாவரும் பிரேக் கட்டைகளைப் புதிதாக மாற்றிக்கொண்டு வருக. பன்னிரண்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் மலையிறக்கத்தில் லாரியில் வருவர்.